க்ரௌட்ராக் ஆல்பங்களுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது?

#1 வட்டத்தகடு

1970-களின் ஜெர்மன் பரிசோதனை ராக்கைத்தான் க்ரௌட்ராக் என்கிறார்கள். அதில் 'கட்டாயம் கேட்க வேண்டியவை' என்று யார் பட்டியல் போட்டாலும் கேன் குழுவின் 'டாகோ மாகோ' (1971), ஃபௌஸ்ட்டின் முதல் ஆல்பம் (1971), டேஞ்சரின் ட்ரீமின் 'ட்ஸைட்' (1972) மூன்றும் வந்துவிடுகின்றன. டாகோ மாகோவின் முதல் தட்டு உடனே பிடிபடுகிறது. இரண்டாவது தட்டில் 'ஔம்கன்' தொடங்கியதும் பிடி நழுவுகிறது. ட்ஸைட்டில் டிரம்ஸே கிடையாது. ஃபௌஸ்ட்டில் பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்றே புரியவில்லை. இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் எப்படிப் போட்டார்கள்? எந்த வரிசையில், எந்தப் பதிப்பில் கேட்டால் உள்ளே போக முடியும்?

#2 நாடாமுனை

குழுவின் பெயரை வைத்து வரிசை போட்டால் இந்தக் குழப்பம் தீராது. யார், எந்த அறையில் பதிவு செய்தார்கள் என்று பார்த்து வரிசை போடுங்கள். 1969-லிருந்து 1975 வரை வந்த நல்ல தட்டுகளில் பெரும்பாலானவை நாலைந்து அறைகளில் உருவானவை. அந்த அறைகளின் வசதியும் வசதிக்குறைவும்தான் இசையின் வடிவத்தைத் தீர்மானித்தன.

கேனை எடுத்துக்கொள்வோம். அதன் பாஸ் கலைஞர் ஹோல்கர் சூகாய், கீபோர்டு கலைஞர் இர்மின் ஷ்மிட் இருவரும் ஜெர்மன் நவீன இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசனிடம் படித்தவர்கள். முதல் ஆல்பமான 'மான்ஸ்டர் மூவி'யும் (1969) டாகோ மாகோவும் கொலோனுக்கு அருகே நோர்வெனிஷ் கோட்டையில் பதிவானவை. கையில் இருந்தது இரண்டு டிராக் டேப். அதாவது பாஸைத் தனியாக ஏற்றுவது, குரலைத் தனியாக இறக்குவது என்பதற்கெல்லாம் பிறகு வழியே இல்லை. அறையில் எல்லாரும் எந்த அளவில் வாசித்தார்களோ அதுதான் மிக்ஸ். பிறகு செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, டேப்பை வெட்டி ஒட்டுவது. மணிக்கணக்கில் வாசித்து, அதிலிருந்து பாட்டை வெட்டி எடுத்தார் சூகாய். 'யூ டூ ரைட்' இருபது நிமிடத்துக்கு வந்து நின்றது அப்படித்தான்.

டாகோ மாகோவின் இரண்டாவது தட்டுக்கும் இதுதான் சாவி. கருவிகளைச் சரிசெய்துகொண்டிருந்த இடைவேளைகளில், மற்றவர்களுக்குத் தெரியாமல் சூகாய் டேப்பை ஓடவிட்டுப் பிடித்தவையும் அதில் சேர்ந்தன. 'ஔம்கன்' 17 நிமிடத்துக்கு மேல் போகிறது. அதை ராக் பாட்டாக எண்ணிக் கேட்டால் தோற்றுப்போவீர்கள். அறையைக் கேளுங்கள்: எந்த ஒலி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, எதிரொலி எங்கே வந்து சேர்கிறது, ஷ்மிட்டின் குரல் எப்போது கருவிகளை மூடுகிறது.

என் வரிசை இது. முதலில் கேனின் 'எகே பாம்யாசி' (1972), அட்டையில் வெண்டைக்காய் டின் இருக்குமே அதுதான். வைலர்ஸ்விஸ்ட்டில் ஒரு பழைய சினிமா கொட்டகையை ஸ்டுடியோவாக்கி, எதிரொலி அடங்க சுவர் முழுக்க மெத்தைகளை அறைந்து வைத்திருந்தார்கள். டிரம்ஸ் அவ்வளவு உலர்வாக, முகத்துக்கு முன்னால் விழுவதற்கு அதுவே காரணம். அடுத்து டாகோ மாகோவின் முதல் தட்டு. பிறகு 'ஃப்யூச்சர் டேஸ்' (1973). அதில் 'பெல் ஏர்' ஒரு பக்கம் முழுவதும் ஓடும். இந்த மூன்றும் பழகிய பிறகு 'ஔம்கன்'னுக்குத் திரும்புங்கள். அதே ஆட்கள், அதே டேப், பெரும்பகுதியில் தாளத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள் என்பது அப்போது காதில் விழும்.

#3 கிக்_ஸ்னேர்

நாடாமுனை சார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டி ஒட்ட முடிந்ததே டிரம்மர் அசையாமல் நின்றதால்தானே? யாக்கி லீபெட்ஸைட் ஃப்ரீ ஜாஸிலிருந்து வந்தவர். அதை உதறிவிட்டு ஒரே சுழலைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார். டாகோ மாகோவின் 'ஹாலெலுவா' 18 நிமிடத்துக்கு மேல். பத்தாவது நிமிடத்தில் வெட்டி நாலாவது நிமிடத்தோடு ஒட்டினாலும் வேகம் பொருந்தும். வேகம் ஏறி இறங்கும் டிரம்மரோடு சூகாயின் கத்தரிக்கு வேலையே இருந்திருக்காது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். லீபெட்ஸைட் வாசிப்பதையும் நொய் குழுவின் க்ளாவுஸ் டிங்கர் வாசிப்பதையும் 'மோட்டோரிக்' என்று ஒரே பெயரில் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. லீபெட்ஸைட் வாசிப்பது வட்டம்: ஸ்னேருக்கு நடுவே மெல்லிய தட்டல்கள், டாம் டிரம்கள், எடை கூடும் இடங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு சுழல். டிங்கர் வாசிப்பது நேர்கோடு. 4/4-ல் ஒரு அளவை, அதாவது நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை, எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டிலும் ஹைஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்). 2, 4 எண்ணிக்கையில் ஸ்னேர். ஸ்னேர் விழாத இடங்களில் எல்லாம் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்). இவ்வளவுதான்.

வாசிக்கப் போனால் தெரியும் எங்கே சறுக்குகிறது என்று. முதல் தவறு, எட்டு அளவுக்கு ஒருமுறை ஃபில் (தாளத்தை விட்டு விலகும் அலங்கார அடி) போடுவது. ஃபில் வந்த நொடியில் கேட்பவருக்கு 'ஒரு வரி முடிந்தது' என்று தோன்றிவிடும், ஓட்டம் நின்றுபோகும். இரண்டாவது, ஹைஹாட்டில் ஒன்று விட்டு ஒன்று அழுத்துவது. அப்படி அழுத்தினால் சாதாரண ராக் வந்துவிடும். எட்டும் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்கவேண்டும். மூன்றாவது, கால் சோர்ந்து கிக் பின்தங்குவது. பத்து நிமிடம் தொடர்ந்து வாசிக்கும்போது இது கட்டாயம் நடக்கும். பழக, மெட்ரோனோமை ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் வைக்காமல் அளவுக்கு ஒரு தட்டு மட்டும் வையுங்கள். அது பழகியதும் நாலு அளவுக்கு ஒரு தட்டு. நடுவில் நீங்கள் ஓடினீர்களா, பின்தங்கினீர்களா என்பதை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

நொய்யின் முதல் ஆல்பத்தில் 'ஹல்லோகல்லோ' பத்து நிமிடம். டிரம்ஸின் அடிப்படைத் தாளம் மாறவே மாறாது. மாறுவதெல்லாம் மிஷாயெல் ரோட்டரின் கிட்டார் அடுக்குகள்தான். அவற்றில் சில டேப்பைத் திருப்பிப் போட்டுப் பின்னோக்கி ஓடவிட்டவை.

#4 நாடாமுனை

டிரம்மர் பற்றிச் சொன்னது சரி. அந்தக் கிட்டார் அடுக்குகளை ஒழுங்குபடுத்தியவர் ஒலிப்பொறியாளர் கோனி பிளாங்க் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நாலே இரவுகளில் முடித்த பதிவு அது. ரோட்டர், டிங்கர், பிளாங்க் என்று அறையில் மூன்று பேர். அதே பிளாங்க்கின் கை ஆஷ் ரா டெம்பலின் முதல் ஆல்பத்திலும் (1971), 'க்ளஸ்டர் II'-விலும் (1972), குரு குருவின் 'கெங்குரு'விலும் (1972), கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' (1974) வரையிலும் இருக்கிறது. ஐந்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் பொதுவான ஒன்று பிடிபடும்: ஒலிக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆழம், எவ்வளவு அடுக்கு வந்தாலும் ஒவ்வொரு ஒலியையும் சுற்றி வெற்றிடம்.

டேப் வெட்டுவது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தத் தட்டுகளைக் கேட்கும் விதமே மாறும். கால் அங்குல டேப்பின் அகலம் 6.35 மி.மீ. அதை 45 டிகிரி சாய்வாக வெட்டினால் வெட்டு நீளவாக்கிலும் 6.35 மி.மீ. பரவும். டேப் வினாடிக்கு 38 செ.மீ. ஓடினால் அந்தப் பரப்பு 17 மில்லிசெகண்ட். 19 செ.மீ. வேகத்தில் 33 மில்லிசெகண்ட். பழைய ஒலி மங்கிப் புதிய ஒலி ஏறுவதற்கு இவ்வளவு நேரம் கிடைப்பதால் 'டிக்' என்ற சத்தம் வராது. ஆனால் ஸ்டீரியோ டேப்பில் ஒரு பக்கவிளைவு உண்டு. சாய்வு வெட்டு ஒரு சேனலை முன்னாலும் மற்றதைச் சற்றுப் பின்னாலும் கடக்கும். அந்தக் கணத்தில் ஒலி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வதை நல்ல ஹெட்போனில் கேட்கலாம்.

கணினியில் இதைச் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒரே வேகத்தில் முப்பது, நாற்பது நிமிடம் வாசித்துப் பதியுங்கள். வெட்டை கிக் விழுவதற்குச் சற்று முன்னால் வையுங்கள். கிக்கின் தாக்கம் ஒட்டை மறைத்துவிடும். கிராஸ்ஃபேட் (பழைய ஒலி மங்கப் புதியது ஏறும் நேரம்) 15 முதல் 35 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும். 100-ஐத் தாண்டினால் இரண்டு ஹைஹாட் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒலி கலங்கும். காட்டிக்கொடுப்பது எப்போதுமே சிம்பல்தான். பழைய துண்டில் கிராஷ் சிம்பல் ரீங்கரித்துக்கொண்டிருக்கும்போது வெட்டினால் அதன் வால் சட்டென்று அறுபடும். சிம்பல் அடங்கிய இடமாகப் பார்த்து வெட்டுங்கள், அல்லது புதிய துண்டு ஒரு கிராஷோடு தொடங்கும்படி ஒட்டுங்கள்.

#5 பச்சை லேபிள்

பதிப்புகள் பற்றிக் கேட்டீர்கள். ஹாம்பர்க்கின் பிரெய்ன் இசைத்தட்டு நிறுவனம் 1972-ல் தொடங்கியது. அதன் ஆரம்பகாலத் தட்டுகளில் நடுவட்ட லேபிள் பச்சை, பிந்தைய மறுபதிப்புகளில் ஆரஞ்சு. அட்டவணை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நொய் 1004, க்ளஸ்டர் II 1006, கெங்குரு 1007, நொய் 2 1028, 'மியூசிக் ஃபான் ஹார்மோனியா' 1044, 'நொய் 75' 1062, க்ளஸ்டரின் 'ட்ஸுக்கர்ட்ஸைட்' 1065, ஹார்மோனியாவின் 'டீலக்ஸ்' 1073. அட்டையை மட்டும் பார்த்து பச்சைப் பதிப்பின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய அட்டைக்குள் பிந்தைய தட்டு இருப்பது சகஜம். லேபிளையும், பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்பதற்காக மட்டும் வாங்குகிறவர்கள் அசலைத் தேடி அலைய வேண்டியதில்லை. நொய்யின் மூன்று ஆல்பங்களும் 2001-ல்தான் முதன்முறையாக முறைப்படி சிடியில் வந்தன, க்ரோன்லாண்ட் வெளியீடு. அதற்கு முன் கிடைத்த சிடிகள் அனுமதி இல்லாதவை, பெரும்பாலும் வினைலிலிருந்து நகலெடுத்தவை. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கிராஃப்ட்வெர்க்கின் முதல் மூன்று ஆல்பங்கள் (1970, 1972, 1973) அதிகாரபூர்வமாகச் சிடியில் வந்ததே இல்லை. புதிய சிடி என்று யாராவது விற்றால் அது கள்ளப் பதிப்பு.

வினைல் எல்லாவற்றுக்கும் உகந்தது என்ற நம்பிக்கையையும் கைவிட்டுவிடலாம். க்ளாவுஸ் ஷுல்ட்செயின் 'டைம்விண்ட்' (1975) ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 30 நிமிடம். அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடைக்க வேண்டுமானால் வரிப்பள்ளங்களை நெருக்கி, ஒலி அளவைத் தணித்துத்தான் வெட்டமுடியும். ஒலியைக் கூட்டினால் தட்டின் கரகரப்பும் கூடவே ஏறும். மெல்ல மெல்ல எழும் இசைக்கு இதைவிடக் கேடு இல்லை. இதற்குச் சிடியே மேல். ஆஷ் ரா டெம்பலின் கிட்டார் கலைஞர் மானுவெல் கோட்ஷிங்கின் 'ஈ2-ஈ4'-ம் (பதிவு 1981, வெளியீடு 1984) அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நீளும் ஒரே வாசிப்பை எல்பியில் நடுவே முறித்துப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது.

ஃபௌஸ்ட்டின் முதல் ஆல்பம் ஒளி ஊடுருவும் தட்டில், ஒளி ஊடுருவும் அட்டையில், ஒரு கைமுட்டியின் எக்ஸ்ரே படத்தோடு வந்தது. பின்னாளில் மறுபதிப்பும் அதே தோற்றத்தில் வந்ததால் தட்டு கண்ணாடி போல இருக்கிறது என்பதற்காக அசல் என்று நம்பவேண்டாம். பாலிடார் லேபிளைப் பாருங்கள்.

#6 வட்டத்தகடு

நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம். 'நொய் 2'-வின் இரண்டாம் பக்கத்தில் சில டிராக்குகள் மிக வேகமாக, சில மிக மந்தமாக இருக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதா? இன்னொன்று, ஃபௌஸ்ட்டின் 'தி ஃபௌஸ்ட் டேப்ஸ்' ஸ்ட்ரீமிங்கில் துண்டு துண்டாக இடைவெளி விட்டு ஓடுகிறது.

#7 பச்சை லேபிள்

கோப்பு சரியாகவே இருக்கிறது. ஸ்டுடியோவுக்குக் கொடுக்கப் பணம் தீர்ந்துபோனதால், முன்பே வெளியிட்டிருந்த 'நொய்ஷ்னே', 'சூப்பர்' என்ற சிங்கிளின் இரண்டு பாட்டுகளையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து இரண்டாம் பக்கத்தை நிரப்பினார்கள். டிராக் பெயரில் இருக்கும் 16, 78 என்பவை டர்ன்டேபிளின் வேகங்கள். 'காசெட்டோ'வில் கேசட் பிளேயர் டேப்பைப் பிசகவிடுவது அப்படியே கேட்கும். முதலில் முதல் பக்கத்தின் 'ஃப்யூர் இம்மர்' மட்டும் கேளுங்கள், 11 நிமிடம். பிறகு 'நொய்ஷ்னே'யை இயல்பான வேகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு 78-ஐப் போட்டால் அதன் எலும்புக்கூடு புரியும்.

ஃபௌஸ்ட் டேப்ஸில் தலைப்பில்லாத 26 துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. எல்பியில் இரண்டே பக்கம், டிராக் பிரிவே கிடையாது. எம்பி3 குறியாக்கம் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் ஒரு சிறு மௌனத்தைச் சேர்க்கும். அதனால்தான் அந்த இடைவெளி. செயலியில் கேப்லெஸ் (இடைவெளி இல்லாமல் ஓடவிடும்) வசதியை இயக்குங்கள், கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள், ஷஃபிள் வேண்டவே வேண்டாம். முடிந்தால் முழு ஆல்பமும் ஒரே ஃப்ளாக் கோப்பாக இருக்கட்டும். ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். டிராக்குக்கு டிராக் சமப்படுத்தினால், மெல்லிய துண்டைத் திடீரென்று ஒரு கூச்சல் வெட்டும் இடமெல்லாம் தட்டையாகிவிடும்.

#8 நாடாமுனை

ஃபௌஸ்ட்டுக்கு ஒரு சேர்க்கை. வ்யூம்மெ என்ற கிராமத்தில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றை பாலிடார் பணத்தில் ஸ்டுடியோவாக மாற்றி, குழுவினர் அங்கேயே தங்கினார்கள். தயாரிப்பு ஊவெ நெட்டில்பெக், ஒலிப்பொறியாளர் குர்ட் கிரௌப்னர். வாசிப்பவரே தன் ஒலியைத் திரித்துக்கொள்ள, கிரௌப்னர் கருப்புப் பெட்டிகளைக் கட்டிக்கொடுத்தார். முதல் ஆல்பம் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல் துணுக்குகளை இரைச்சலில் மூழ்கடித்துத்தான் தொடங்கும். அதற்கு முன் 'சோ ஃபார்' (1972) கேளுங்கள், பாட்டுகள் தனித்தனியாக நிற்கும். டேப்ஸ் 1973-ல் இங்கிலாந்தில் ஒரு சிங்கிளின் விலைக்கு, 49 பென்ஸுக்கு விற்கப்பட்டது. அதனால் இவ்வளவு கரடுமுரடான ஒன்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

#9 சுருதிப்பெட்டி

ட்ஸைட்டைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. டியர்க்ஸ் ஸ்டுடியோவில் 1972 மே மாதம் பதிவானது. நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு இசை. முதல் பக்கம் நாலு செல்லோக்களோடு தொடங்குகிறது. போபோல் வூ குழுவின் ஃப்ளோரியான் ஃப்ரிக்கெ அதில் மூக் சிந்தசைசர் வாசிக்கிறார். செல்லோக்களில் ஏதாவது ஒன்றை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் அது அடங்கி மின்னொலி மேலே வருகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி மூன்று பக்கமும் திறந்துகொள்ளும். லேப்டாப் ஸ்பீக்கரில் இது பயனில்லை. கீழ் ஸ்தாயி போய்விட்டால் பாதி இசையே போய்விடும்.

சீக்வென்சர் (சுரவரிசையைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி) துடிப்பு வேண்டும் என்றால் அதே குழுவின் 'ஃபீட்ரா' (1974). அந்தக் கால மூக்கில் ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர்கள் சூடேறச் சூடேறச் சுருதி நழுவும். தலைப்பு டிராக்கில் அந்த நழுவலைக் கேட்கலாம். அதை அழிக்காமல் வைத்தது நல்ல முடிவு.

ஃப்ரிக்கெயின் போபோல் வூ குழுவையும் தனியாகக் கேளுங்கள். 'அஃபென்ஷ்டுண்டெ' (1970) பெரும்பாலும் மூக் சிந்தசைசரால் ஆனது. 'இன் டென் கெர்ட்டன் ஃபராவோஸ்' (1971) இரண்டாம் பக்கத்தில் தேவாலய ஆர்கன் ஒலிக்கிறது. 'ஹோசியானா மந்த்ரா'வில் (1972) சிந்தசைசரையே விட்டுவிட்டார்: பியானோ, ஓபோ, கிட்டார், சோப்ரானோ குரல், கூடவே தம்புரா. சுருதியோடு பழகிய காதுக்கு க்ரௌட்ராக்கில் இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன்.

நம் பக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள குழு ம்யூனிக்கின் எம்பிரியோ. 'வீ கீப் ஆன்' (1973) தட்டில் அமெரிக்க சாக்ஸ் கலைஞர் சார்லி மரியானோ நாதஸ்வரமும் வாசிக்கிறார். தென்னிந்தியா வந்து நாதஸ்வரம் கற்றவர் அவர். எம்பிரியோ பின்னாளில் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு, டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கத்தோடும் ஆர்.ஏ. ரமாமணியின் குரலோடும் சேர்ந்து வேலை செய்தது. அந்தப் பெங்களூர் குழுவோடு மரியானோ செய்த 'ஜோதி' 1983-ல் ஈசிஎம் நிறுவன வெளியீடாக வந்தது. அது க்ரௌட்ராக் ஆகாது, ஆனால் எம்பிரியோவிலிருந்து அங்கே போகும் பாதை நேரானது.

#10 கிக்_ஸ்னேர்

நாடாமுனை சார், ஒரு கேள்வி. கோட்ஷிங்கின் 'இன்வென்ஷன்ஸ் ஃபார் எலெக்ட்ரிக் கிட்டார்' (1975) முழுக்கவே கிட்டார் என்கிறார்கள். அந்த எதிரொலி அடுக்கை இன்றைய டிலே பெடலில் எப்படிக் கொண்டுவருவது?

#11 நாடாமுனை

ஆமாம், முழுக்கக் கிட்டார்தான். டியாக் ஏ3340 என்ற நாலு டிராக் ரெக்கார்டர், எதிரொலிக்கு ரீவாக்ஸ் ஏ77 என்ற இன்னொரு டேப் ரெக்கார்டர். பதியும் ஹெட்டுக்கும் ஒலிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை டேப் கடக்கும் நேரம்தான் டிலே. இடைவெளி 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 210 மில்லிசெகண்ட் கிடைக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் 421.

பெடலில் முயல, வேகம் நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்றால் ஒரு எண்ணிக்கை 500 மில்லிசெகண்ட். டிலேயை அதன் முக்கால் பங்கான 375-ல் வையுங்கள். நீங்கள் வாசிப்பது ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு சுரம். எதிரொலி அந்தச் சுரங்களுக்கு நடுவே விழுவதால் கேட்பது எண்ணிக்கைக்கு நாலாகும். எதிரொலியின் அளவு நேரடி ஒலிக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் எது வாசித்தது, எது திரும்பி வந்தது என்று பிரிக்கமுடியாத அந்தப் பின்னல் வரும். ஃபீட்பேக் மூன்று, நாலு திரும்பல் போதும். அதற்கு மேல் போனால் ஸ்வரம் மாற்றும்போது பழைய ஸ்வரம் தங்கி அபஸ்வரமாகும். ஓவர்டிரைவை (ஒலியைக் கரகரக்க வைக்கும் பெடலை) டிலேக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் எல்லா எதிரொலியும் ஒன்றாகச் சேர்ந்து நசுங்கிவிடும். வலது கையால் பிரிட்ஜ் அருகே தந்தியை லேசாக அடக்கி வாசியுங்கள். சுரம் நீண்டால் எதிரொலிக்கு விழ இடமிருக்காது.

வேகம் 120 என்று வைத்துவிட்டு 118-ல் வாசித்தால் எல்லாம் குலையும். எதிரொலியையே மெட்ரோனோமாக வைத்துக்கொண்டு, அது வரும் இடைவெளிக்குள் அடுத்த சுரத்தைப் போடப் பழகுங்கள்.